கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்

பழைய டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களுக்கு

கன்னிப்பூ அறுவடை முடிந்த கையோடு கும்பப்பூவுக்கு வயலைத் தயார் செய்ய வேண்டும். நாஞ்சில் நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நாட்கள் சொற்பம். கால்வாயில் தண்ணீர் ஓடும். நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். பெருமழை பிடிக்கும் முன் நடவு முடிந்து பயிர் வேர் பிடித்தாக வேண்டும். இந்த வேளையில் டிராக்டர் தொளிக்குள் நின்றுவிட்டால் இழப்பு பழுதுச் செலவோடு முடிவதில்லை. நாற்று முற்றும், நடவு பிந்தும், விளைச்சல் குறையும்.

பழைய டிராக்டர்களில் அடிக்கடி கேட்கும் குறை கியர்க் குறை. “கியரு விழமாட்டேங்கு”, “போட்டா கரகரன்னு சத்தம் கேக்கு”, “ஏத்தத்துல தானாட்டு கழண்டு வருது” என்று உழவர்கள் சொல்வார்கள். இதைக் கேட்டதும் கியர் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி, வண்டியைப் பட்டறையில் ஏற்றிப் பிரித்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. பெட்டியைப் பிரித்தால் வண்டி பல நாள் நிற்கும். பிரித்துப் பார்த்த பின் குறை பெட்டியில் இல்லை, கிளட்ச் பெடலில்தான் என்று தெரிந்தால் அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்?

ஆகவே வெளியே உள்ள காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். அந்த வரிசையைக் கீழே காண்போம்.

உள்ளே நடப்பது என்ன?

1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன், 1960-களில் வந்த மகிந்திரா பி-275 போன்ற டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் நெடுங்காலம் உழைத்தவை. அக்காலத்து மாடல்கள் பலவற்றில் பல்சக்கரம் தண்டின் மேல் நகர்ந்து சென்று இன்னொரு பல்சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும். கார்களில் உள்ளதுபோல் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும் அமைப்பு இவற்றில் கிடையாது. எனவே வண்டியை நிறுத்தித்தான் கியர் போட வேண்டும்.

கிளட்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுபடுகிறது. ஆனால் பெட்டிக்குள் செல்லும் தண்டு உடனே நிற்பதில்லை. சுற்றிய வேகத்தில் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் சரியாக விடாவிட்டால் அது நிற்கவே நிற்காது. சுற்றும் பல்லை நிற்கும் பல்லோடு கோக்கப் பார்த்தால் வருவதுதான் அந்தக் கரகர சத்தம். அதாவது, சத்தம் வருவது பெட்டியில். காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே.

ஸ்பேனர் எடுக்கும் முன் நான்கு கேள்விகள்

வைத்தியர் நாடி பிடிக்கும் முன் நோயாளியிடம் கேட்பதுபோல், வண்டி ஓட்டுபவரிடம் இவற்றைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. குறை எல்லாக் கியரிலுமா, ஒரே ஒரு கியரிலா? எல்லாவற்றிலும் என்றால் கிளட்ச், லீவர், எண்ணெய் ஆகிய பொதுவானவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரே கியரில் என்றால் அந்தக் கியருக்குரிய பாகத்தைப் பார்க்க வேண்டும்.

2. எஞ்சின் ஓடும்போது மட்டுமா, நின்றிருக்கும்போதுமா?

3. காலையில் குளிர்ந்த வண்டியிலா, மூன்று மணி நேரம் உழுத பின்னா?

4. திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வளர்ந்ததா? கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? புதிதாக எண்ணெய் ஊற்றினீர்களா, குளத்தில் இறக்கிக் கழுவினீர்களா?

இந்த நான்கின் விடையைத் தாளில் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். பட்டறைக்குப் போக நேர்ந்தாலும் மெக்கானிக்குக்கு இந்தத் தாள் உதவும்.

முதற் சோதனை: கிளட்ச்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்னால் கருவி எதுவும் வேண்டாம். முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. இருக்கையில் ஓட்டுபவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று முட்டி நின்றால் பதற வேண்டாம். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கலாம். நியூட்ரலில் வைத்து, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்து, மறுபடி போடுங்கள். விழுந்தால் அதில் குறையில்லை.

அடுத்து எஞ்சினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் பத்து எண்ணி, பின் கியரைப் போடுங்கள். மூன்று விதமான விடைகள் வரலாம்.

பத்து எண்ணிய பின் சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அவசரப்பட்டுப் போடும் பழக்கமே குறை. பழக்கத்தை மாற்றினால் போதும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாம் விழுகிறது, ஓடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கிளட்ச் முழுவதும் விடவில்லை. கிளட்சை மிதித்தபடி இருக்கும்போதே வண்டி ஊர்ந்து நகர்ந்தாலும் இதே பொருள்தான்.

எஞ்சின் நின்றிருக்கும்போதும் விழவில்லை என்றால் கிளட்சை விட்டுவிட்டு லீவரையும் அதன் கீழே உள்ளவற்றையும் பார்க்க வேண்டும்.

கிளட்ச் விடவில்லை என்று தெரிந்தால் உடனே தட்டை மாற்றாதீர்கள். பெடலின் தொடக்கத்தில் எதிர்ப்பின்றி இறங்கும் தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். இந்தத் தளர்வு மிகுந்தால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. தட்டு தேய்ந்து கருகும். இணைப்புக் கம்பியில் உள்ள நட்டைத் திருகிச் சரி செய்வது அரை மணி நேர வேலை.

பெடலுக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள். தொளி உழவில் தெறித்த சேறு அங்கே காய்ந்து கட்டியாகி, பெடலை அடிவரை இறங்கவிடாமல் தடுத்திருக்கும். இணைப்பில் உள்ள பின் தேய்ந்து, அதன் துளை முட்டை வடிவமாகப் போயிருந்தாலும், கால் மிதிக்கும் தூரத்தில் பாதி வீணாகும்.

இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் பெடலின் முதற் பாதி சக்கரத்துக்கு, மறு பாதி பி.டி.ஓ. தண்டுக்கு. ஒன்று சரியாகி மற்றது ஆகாமல் போகக்கூடும். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மாதக் கணக்கில் கூரையின்றி நின்ற வண்டியில், கிளட்ச் தட்டு பிளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடலை அழுத்திப் பிடித்து வைக்கும் கொக்கி உள்ள வண்டிகளில், நீண்ட நாள் நிறுத்தும்போது அந்தக் கொக்கியை மாட்டி வைத்தால் இது வராது.

இழுக்கவில்லை என்றால்

“கியர் விழுது, ஆனா இழுக்கல்ல” என்பது வேறு குறை. எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, உயர்ந்த கியரில் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஒரு முறை, சில விநாடிகள் மட்டும் செய்ய வேண்டும்.

வழுக்கலுக்கு முதற் காரணம் பெடலில் தளர்வு இல்லாமை. அடுத்தது பெடல் மேல் எப்போதும் கால் வைத்து ஓட்டும் பழக்கம். மூன்றாவது, தட்டில் எண்ணெய் படுதல். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள கூட்டின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். கறுத்து, நீர்த்த எண்ணெய் என்றால் எஞ்சின் பக்கத்துச் சீல் போயிருக்கிறது. தடித்து, கியர் எண்ணெய் வாடை அடித்தால் பெட்டிப் பக்கத்துச் சீல். தொளி உழவுக்காக அந்தத் துளையை அடைத்திருந்தால் உழவு முடிந்ததும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கசிவது வெளியே தெரியாது.

எண்ணெய் சொல்லும் சேதி

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹைட்ராலிக் கைகளை இறக்கி, எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் ஆக்சில், ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அது கெட்டால் மூன்றும் கெடும்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் பகுதியில் இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, அச்சளவு தொளியில் கேஜ் வீல் போட்டு உழும்போது தேய்ந்த சீல் வழியாக நீர் புகுவது. மற்றது, உழவு முடிந்த சூட்டோடு வண்டியைக் குளத்திலோ கால்வாயிலோ இறக்கிக் கழுவுவது. சூடான கூட்டுக்குள் உள்ள காற்று, குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் நீரை உள்ளே இழுக்கும். வண்டி ஆறிய பிறகு, கரையில் நிறுத்தி, வாளியால் நீர் ஊற்றிக் கழுவுவதே முறை.

சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய கரண்டியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு அடியில் சூடு காட்டுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் மேலே புது எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. முழுவதும் வடித்து, வடிகட்டியைச் சுத்தம் செய்தோ மாற்றியோ, புது எண்ணெய் ஊற்றி, சில மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி பார்க்க வேண்டும். மீண்டும் வெளுத்தால் நீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

வடிக்கும்போது அடி மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகத்தில் உறைக்கும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. உடைந்த ஒரு துண்டு மற்றப் பற்களுக்கு நடுவே சிக்கினால் பெட்டி முழுவதும் போகும்.

கையேட்டில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். சத்தத்தை மறைக்கத் தடித்த எண்ணெய் ஊற்றுவது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது போன்றது. சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. எண்ணெயில் முழுகிய பிரேக் உள்ள வண்டிகளில் தவறான எண்ணெய் பிரேக்கையும் கெடுக்கும்.

தானாகக் கழன்றுவரும் கியர்

இது வேலைக் கேடு மட்டும் அன்று, உயிர்க் கேடு. குலசேகரம், அருமனைப் பக்கத்து ஏற்ற இறக்கச் சாலைகளில் டிரெய்லர் நிறைய வாழைக்குலை ஏற்றி இறங்கும்போது கியர் கழன்றால் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. பின்னாலுள்ள பாரம் முன்னே தள்ளும். கியர் கழலும் வண்டியில் பாரம் ஏற்றிச் சாலைக்குப் போவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கியரும் கழல்கிறதா? முதலில் லீவர் முழுத் தூரம் போகிறதா என்று பாருங்கள். ரப்பர் மெத்தை, தகரம், வளைந்த லீவர் ஆகியவை இடையில் தடுத்தால் பல் பாதி மட்டும் கோக்கும். பாரம் வந்ததும் விலகும். பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். இரண்டுமே வெளியிலிருந்து பார்க்கக் கூடியவை.

ஒரே கியர் மட்டும் கழல்கிறதா? கியரைத் தன் இடத்தில் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் வலுவிழந்திருக்கலாம். மெக்கானிக்குகள் போர்க் என்று சொல்லும் கவை தேய்ந்திருக்கலாம். பல்லே சரிவாகத் தேய்ந்திருக்கலாம். முதல் இரண்டையும் பல மாடல்களில் மேல் மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம். பல் தேய்ந்திருந்தால்தான் பெட்டியை முழுவதும் பிரிக்கும் வேலை.

லீவர் நியூட்ரலில் ஆடுகிறது, ஆனால் கிளட்சை விட்டதும் எஞ்சின் நின்றுவிடுகிறது என்றால் இரண்டு கியர்கள் ஒருங்கே விழுந்து பூட்டிக்கொண்டன. இதற்கு லீவரைப் பிடித்து உலுக்கவோ, வேறு வண்டி வைத்து இழுக்கவோ கூடாது. மேல் மூடியைத் திறந்து, கவைகளை நியூட்ரலுக்குத் தள்ளினால் விடுபடும். இது மீண்டும் நேர்ந்தால் இரண்டு கியர் ஒன்றாக விழாமல் தடுக்கும் பாகம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றியாக வேண்டும்.

சத்தம் எங்கிருந்து?

காதும் ஒரு கருவிதான். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது இரைச்சல், கிளட்சை மிதித்ததும் நிற்கிறது என்றால் பெட்டியின் முன் பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்ச் பேரிங். ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும், வண்டி ஓடும்போது மட்டும், வேகத்தோடு சேர்ந்து கூடும் முனகல் பெரும்பாலும் பின் ஆக்சிலிலிருந்து வருவது.

ஓர் எடுத்துக்காட்டு

தொளி உழுத மறுநாள் ஒரு டிராக்டரில் எந்தக் கியர் போட்டாலும் கரகரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கியரிலும் என்பதால் காரணம் பொதுவானது. எஞ்சினை நிறுத்தினால் எல்லாம் விழுகின்றன. ஆக லீவரில் குறையில்லை. பத்து எண்ணியும் சத்தம் நிற்கவில்லை. ஆக கிளட்ச் விடவில்லை. பெடல் தளர்வை அளந்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல். குனிந்து பார்த்தால் அடியில் காய்ந்த சேறு. இணைப்புப் பின் பாதி தேய்ந்திருக்கிறது. சேற்றைச் சுரண்டி, பின்னை மாற்றி, தளர்வை அளவுக்குக் கொண்டுவந்தால் வண்டி பகலுக்குள் வயலில் இறங்கும். இத்தனையும் செய்த பிறகும் கரகரத்தால் மட்டுமே வண்டியை இரண்டாகப் பிரித்துக் கிளட்சைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டியின் முறை அப்போதும் வரவில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே வரிசை

நம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டிப் பழகியவர்கள் உண்டு. அந்தப் பெட்டியில் கியரை மாற்றுவது கையன்று, எண்ணெயின் அழுத்தம். ஆகவே கியர் தாமதமாக மாறினாலும், அதிர்ந்து விழுந்தாலும், வழுக்கினாலும், முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயே. அளவுக்கம்பி உள்ள பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் வண்டி சூடான பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். சிவப்பு நிறம் நல்லது. பழுப்பேறிக் கருகல் வாடை வந்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டர் நீர் புகுந்திருக்கிறது. அதன் பின் லீவர் இணைப்பு, ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிள், சில மாடல்களில் எஞ்சினிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் கியர் தாமதமாகவும் அதிர்ந்தும் மாறும். பெட்டியைத் திறப்பது அங்கும் கடைசி வேலையே.

பருவத்துக்கு முன் ஒரு நாள்

ஜூன் மாதம் பேச்சிப்பாறை நீர் வந்த பிறகு வண்டியைப் பார்ப்பது காலம் கடந்த செயல். கோடையில், வேலை இல்லாத ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பெடல் தளர்வு, இணைப்புப் பின்கள், எண்ணெயின் அளவும் நிறமும், சீல் கசிவு, மூச்சுத் துளை, பெட்டியின் போல்ட்டுகள் ஆகிய ஆறையும் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சென்ற ஆண்டு 25 மில்லிமீட்டராக இருந்த தளர்வு இவ்வாண்டு 10 ஆகியிருந்தால், தட்டு தேய்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். உழவுக்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டியைப் பிரிக்க வேண்டி வந்தால், பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களுக்காக உழவை நிறுத்த வேண்டாம். வேளாண் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு அளிக்கிறது. உழவன் செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். பட்டறையில் வண்டியை விடும்போது நான்கு கேள்விகளின் விடை எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்றிய பாகங்களைக் கண்ணால் பார்த்து, எது தேய்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புதிய பாகம் வாங்கச் சம்மதியுங்கள்.